வெள்ளி ரூபாய்க்குச் சான்றுப் பெட்டியா, மேசைத் தராசா?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ பழைய வெள்ளி ரூபாய் சேர்ப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு: அமெரிக்கத் தரமதிப்பீட்டு நிறுவனத்தின் சான்றைப் பெறுவது அல்லது வீட்டிலேயே சோதித்துக்கொள்வது.

1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி ஆகியவை நாணயத்தின் உண்மைத்தன்மையை ஆராய்ந்து, 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் தரமிட்டு, எண்ணிட்ட ஞெகிழிப் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. முன்பின் தெரியாதவருக்கு விற்கும்போது அந்தப் பெட்டியே சாட்சி. ஆனால் புளி போட்டுத் துலக்கிய நாணயத்திற்குப் பொதுவாக எண் தரம் கிடைக்காது (நம் வீடுகளில் துலக்காமல் தப்பிய வெள்ளி ஏது?).

பெரிய தடை சட்டம்தான். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருளாகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. ஆகவே, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலங்கியிலுள்ள யானை பன்றிபோல் தெரிந்ததால் ‘பன்றி ரூபாய்’ எனப் பெயர்பெற்ற 1911ஆம் ஆண்டு நாணயத்திற்கு அவ்வழி அடைபட்டதே.

வீட்டுச் சோதனைக்குச் செலவு குறைவு. அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், தேய்ந்திருந்தால் சற்றுக் குறையும். காந்தம் ஒட்டக் கூடாது. உருப்பெருக்கியில் பார்த்தால், வார்ப்புப் போலிகளின் பரப்பில் நுண்குழிகளும் விளிம்பில் இணைப்புக் கோடும் பெரும்பாலும் தென்படும். தரத்தைப் பொறுத்தவரை நம் சொல்லை வாங்குபவர் ஏற்க வேண்டியதில்லை என்பதே இதன் குறை.

நூறாண்டுக்கு உட்பட்ட, துலக்கப்படாத, விலைமிக்க நாணயத்திற்கு மட்டுமே நான் முதல் வழியைப் பரிந்துரைப்பேன்.