‘காபரேட்டர் போச்சு’ எண்டு சொன்ன உடனே காசை எடுக்காதேங்கோ

பழைய ரூ-ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் எஞ்சினோட கடலுக்குப் போற ஆக்கள், முக்கியமா வடமராட்சிப் பக்கத்து ஆக்கள், இதை ஒருக்கா வாசியுங்கோ. காபரேட்டர் எண்டது எண்ணெயையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்குள்ள விடுற சாமான்.

எங்கட 15 குதிரைவலு எஞ்சின் மண்ணெண்ணெயை அள்ளிக் குடிக்கத் தொடங்கிச்சு. ஒரே புகை. பிளக்கைக் கழட்டினால் கறுப்பாய் ஈரம். மெல்ல ஓடேக்க திக்கித் திக்கி நிண்டிடும். 2022 ஓகஸ்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து 340க்கு ஏறின நாளில இருந்து எங்களுக்கு எண்ணெய் எண்டாலே நெஞ்சிடிதான். அந்தப் பயத்தைத்தான் ஒரு கராச்காரர் காசாக்கினவர்.

மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். “காபரேட்டர் தேஞ்சு போச்சு தம்பி, கழுவியும் வேலையில்லை. ஜப்பான் ஒரிஜினல் ஒண்டு கிடக்கு, உமக்கெண்டபடியால் தாறன்.”

பூட்டின பிறகு எண்ணெய் முந்தியை விடக் கூடப் போச்சு. திரும்பப் போய்க் கேட்டால், “பழைய எஞ்சின் அப்பிடித்தான். ஒயிலைக் கூடக் கலக்கிறீரோ?” எண்டு பழி எங்கட தலையில. பில் இல்லை. பழைய காபரேட்டரைக் கேட்டால் “எறிஞ்சாச்சு” எண்டார். அலுமினியத்தையும் பித்தளையையும் எந்தக் கராச்சில எறியினம்? இப்ப அது ஆற்ற போட்டில ‘ஒரிஜினலா’ ஓடுதோ தெரியாது.

பிறகு வந்த வயசான மெக்கானிக் ஒண்டையும் கழட்ட முதல், எண்ணெய்க் குழாயில இருக்கிற ரப்பர் பந்தை அமத்தச் சொன்னார். எஞ்சின் நிக்கேக்க அமத்த அமத்தப் பந்து இறுகவேணும், ஆனால் இறுகவே இல்லை. காபரேட்டர் வாயால எண்ணெய் சொட்டுது. காபரேட்டர் நிரம்பினதும் எண்ணெயை மறிக்கிற மிதவை ஊசி அடைக்கேல்லை. அந்த ‘ஜப்பான் ஒரிஜினலை’க் கழட்டிப் பார்த்தால் ஊசி முனையில சுத்திவர ஒரு தேய்மான வளையம். எண்ணெய் அளவாய்ப் போற சின்ன ஓட்டையுள்ள மெயின் ஜெட்டையும் வெளிச்சத்துக்குப் பிடிச்சுக் காட்டினார். ஓட்டை நீள்வட்டமாய்க் கிடக்கு, கம்பி விட்டுக் குடைஞ்ச கீறல் உள்ளுக்குப் பளபளக்குது. ஜெட்டில பொறிச்ச அளவு நம்பர் மட்டும் மாறேல்லை. எங்கட பழசிலயும் உந்த ஊசிதான் போயிருக்கும் எண்டது அவற்ற கணிப்பு. ஊசி, அது போய் இருக்கிற சீற், கஸ்கெட் எல்லாம் கிட்டாய் வாங்கலாம். முழுக் காபரேட்டர் விலைக்குக் கிட்டவும் வராது.

அந்தப் பந்துச் சோதனையை உங்கட கண் முன்னால செய்யச் சொல்லுங்கோ. எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்திற தேமோஸ்ற்றாற்றையும் பார்க்கச் சொல்லுங்கோ. அது திறந்தபடி நிண்டால், இல்லாட்டி ஆரும் கழட்டி எறிஞ்சிருந்தால், எஞ்சின் சூடேறாது. சூடில்லாமல் மண்ணெண்ணெய் ஒழுங்காய் ஆவியாகாது, எரியாமலே புகையாய்ப் போகும். மண்ணெண்ணெயில ஒயில் கலக்கிற அளவு கையேட்டில 50க்கு 1 எண்டால் லீற்றருக்கு 20 மில்லி ஒயில், கண்மட்டத்தில ஊத்தக் கூடாது. கழட்டின சாமானை அப்பவே கையில வாங்குங்கோ.

காசு திருப்பித் தாறன் எண்டு சொல்லிச் சொல்லி அவர் நாள் கடத்துறார். பேரை இதில போடேல்லை. பக்கத்து ஊர் ஆக்கள் இன்பொக்ஸில கேளுங்கோ, சொல்லுறன்.