போச்சம்பள்ளிப் பக்கம் போட்ட ‘வலி ஊசி’

புதன்கிழமை காலை, அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலை பார்க்கும் பெண், பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 386. போன மாத நோட்டில் 150க்குப் பக்கத்தில்தான் இருந்தது. மாம்பழம் தின்றீர்களா என்று அவர் கேட்கவில்லை.

“ஊசி எதாச்சும் போட்டீங்களாம்மா?”

“ஆமாங்கண்ணு, ஞாயித்துக்கிழம சந்தைக்குப் போனப்ப முட்டி வலிக்குப் போட்டேன்.”

“என்ன ஊசிம்மா?”

“வலி ஊசி.”

இங்கிலாந்தில் மூட்டுவாதப் பிரிவுச் செவிலியர்கள் நாங்கள் என்ன கேட்போமோ, அதையே அந்தப் பெண் கேட்டார். இந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதை நினைத்தபோது மனம் நிறைந்தது. அந்த நிறைவு, பெரியம்மாவுக்கு ஊசி போட்ட கிளினிக் வாசல் வரைக்கும்தான் இருந்தது.

ஆறு வாரத்தில் மூன்று ஊசி, பதினைந்து நாளுக்கு ஒன்று. கையில் இருந்த சீட்டில் மாத்திரைகள் மட்டும் எழுதியிருந்தன, ஊசியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. கம்பவுண்டர் முதலில் “வலி ஊசிதாங்க” என்றார், அப்புறம் “பவர் ஊசி” என்றார். மூன்றாம் முறை கேட்டபிறகே டப்பாவை எடுத்துக் காட்டினார். ட்ரையாம்சினலோன் 40 மி.கி., கூடவே டெக்ஸாமெத்தசோன் 2 மில்லி. இரண்டுமே ஸ்டீராய்டு.

கணக்கைப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன் மில்லிக்கு 4 மி.கி., 2 மில்லி என்றால் 8 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையாகச் சொன்னால் 50 மி.கி.க்கும் மேல். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி ஒரு நாளைக்குத் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு, அதாவது கார்ட்டிசோல், ஏறக்குறைய 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். அதாவது பத்து நாள் சுரப்பு ஒரே ஊசியில் இறங்குகிறது. அதன் வேலை ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் வரை நிற்கும். ட்ரையாம்சினலோன் இன்னும் நீளம். இடுப்புத் தசையில் 60 முதல் 100 மி.கி. ஒருமுறை போட்டால், வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால் சுரப்பதை விட்டு அடங்கிப்போன அட்ரினல் சுரப்பி பழைய நிலைக்குத் திரும்பப் பொதுவாக 30 முதல் 40 நாள் ஆகும். அளவு கொஞ்சம் குறைவு என்றே வைத்துக்கொண்டாலும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேலே மேலே போட்டால் அந்தச் சுரப்பி எப்போது எழுந்து உட்காரும்?

வலி குறைந்தது உண்மை. ஊசி போட்ட மறுநாள் பெரியம்மா களி கிண்டினாராம், பசியும் நன்றாக எடுத்ததாம். ஸ்டீராய்டு அப்படித்தான், தெம்பு வந்ததுபோல் இருக்கும், பசிக்கும். அதனால்தான் சனம் திரும்பத் திரும்பப் போகிறது. மருந்து மோசமானது என்று நான் சொல்லவில்லை. முறையாகக் கையாண்டால் இதைப்போல் கைகொடுக்கும் மருந்து குறைவு.

முறை என்றால் என்ன? முட்டி ஒன்றில்தான் வலி என்றால், பரிசோதித்த மருத்துவர் தோலைச் சுத்தம் செய்து காயவிட்டு, மூட்டுக்குள்ளேயே போடலாம். அதே மூட்டுக்கு அடுத்தது மூன்று மாதத்துக்குள் கூடாது. போட்டபின் ஓரிரு நாள் அந்தக் காலுக்கு ஓய்வு. முதல் இரண்டு நாள் வலி கொஞ்சம் கூடும், ஐஸ் ஒத்தடம் போதும். அதன்பிறகும் வலி ஏறிக்கொண்டே போய், மூட்டு சிவந்து வீங்கி, காய்ச்சலும் வந்தால் உள்ளே கிருமி புகுந்திருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏற்கெனவே உடம்பில் எங்காவது சீழோ காய்ச்சலோ இருந்தால் ஊசியே போடக்கூடாது.

ட்ரையாம்சினலோன் பால்போல் வெள்ளையாக இருக்கும், அடியில் படியும். எடுக்கும் முன் குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும். எடுத்தவுடன் போட வேண்டும், சிரிஞ்சில் வைத்துவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போனால் அங்கேயும் படிந்துவிடும். குலுக்கியும் கட்டி கட்டியாகத் தெரிந்தால் அது எங்கோ உறைந்த குப்பி, தூக்கி எறிய வேண்டியதுதான். இந்த வெள்ளை மருந்து ரத்தக்குழாயில் ஏறவே கூடாது. தசையில் போட்டால் இடுப்பில், ஆழமாக. பெரியவர்களுக்கு ஒன்றரை அங்குல ஊசியாவது வேண்டும். பெரியம்மாவின் மேல்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் வெளுத்துப் பள்ளம் விழுந்திருக்கிறது. முதல் ஊசியைக் கையில், மேலோட்டமாகப் போட்டிருக்கிறார்கள். கொழுப்பு கரைந்த இடம் அது, தூர்ந்து வர மாதக்கணக்கில் ஆகும்.

சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. காலை வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஸ்டீராய்டு சாப்பாட்டுக்குப் பின்னால்தான் அதிகம் ஏற்றும், மத்தியானமும் சாயங்காலமும். ஊசி போட்ட ஒரு வாரம் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பார்க்க வேண்டும். 300ஐத் தாண்டி இரண்டு முறை வந்தாலோ, தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். மாத்திரையைத் தாமாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது.

இங்கிலாந்தில் ஊசி போட்டதும் மருந்தின் பெயர், அளவு, குப்பியின் பேட்ச் எண், எந்த மூட்டு என்று எழுதிவிடுவோம். அட்ரினல் அடங்கக்கூடிய அளவுக்கு ஸ்டீராய்டு எடுப்பவர்கள் பையில் ஒரு அவசர அட்டை இருக்கும். அவர்கள் மயங்கி விழுந்தாலும் அதைப் பார்த்து ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு 100 மி.கி. போட்டுவிடுவார்கள். இங்கே எங்கள் சின்ன வயதில் டாக்டர் கொடுத்த சிவப்பு மிக்சர் பாட்டிலில்கூடக் காகிதத்தைப் பல்பல்லாக வெட்டி ஒட்டியிருக்கும், ஒரு வேளைக்கு எவ்வளவு என்று படிக்காதவருக்கும் தெரியும். இன்று பெயரே தெரியாமல் மூன்று ஊசி ஏறியிருக்கிறது.

கம்பவுண்டரிடம் இரண்டு பெயரையும் மூன்று தேதியையும் சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கினேன். அவர் மறுக்கவில்லை, இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். அந்தச் சீட்டு இப்போது பெரியம்மாவின் சர்க்கரை நோட்டில் ஒட்டியிருக்கிறது. கீழே அந்தப் பெண்ணே எழுதி வைத்தார்: காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல், எழ முடியாத அசதி எது வந்தாலும், ஆபரேஷன் என்றாலும், முதலில் இந்தப் பக்கத்தைக் காட்டவும்.

அரசு ஆஸ்பத்திரி மருத்துவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் மாத்திரை அளவை மாற்றினார். ஒன்பதாம் நாள், சாப்பிட்டபின் சர்க்கரை 214. கார்ட்டிசோல் பார்க்கக் காலை 8 மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.