மலிவு விலை 8 ஜிபி டிடிஆர்3 ராம்: இன்டெல் கணினிக்கு வேண்டாம்

ராமின் விவரக்குறிப்பின் கடைசி வரியில் "ஏஎம்டி போர்டுக்கு மட்டும்" என்று இருக்கிறதா? அப்படியானால் இன்டெல் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இந்த ராமைத் தொடவே வேண்டாம். இதில் இருப்பவை 4 பிட் அகலச் சிப்கள், அதாவது ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் 4 பிட் தரவைத் தருபவை. இன்டெல் டெஸ்க்டாப்பில் ராமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலருக்கு 8 அல்லது 16 பிட் சிப்கள்தான் ஒத்துவரும். மாட்டினால் பீப் சத்தம் வரும், திரை இருண்டே கிடக்கும். வழக்கமான 8 ஜிபி ராமிலும் பெரும்பாலும் 16 சிப்களே இருப்பதால், எண்ணிப் பார்த்தும் பிடிபடாது. இதை எழுத்தில் சொல்லாமல் விற்பது பெரிய தவறு.

ஏஎம்டியின் ஏஎம்3 வகை மதர்போர்டில் பொதுவாக ஓடிவிடும். அங்கேயும் திரை வராவிட்டால் மின்கம்பியைக் கழற்றி, பவர் பட்டனை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பொன்னிறத் தொடர்புகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, ராமை இரண்டு பக்கமும் 'கிளிக்' ஆகும்வரை அழுத்துங்கள். பழைய ராமை எடுத்துவிட்டு இதை மட்டும் போட்டுப் பாருங்கள். அடுத்து சிமாஸ் ரீசெட், அதாவது போர்டின் பயாஸ் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவது. திரை வந்ததும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் ஒரு முழுச் சுற்று ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

இன்டெலின் பழைய ஜி41 சிப்செட் போர்டுக்கு எந்த 8 ஜிபி ராமும் ஆகாது, ஒரு ஸ்லாட்டுக்கு 4 ஜிபி வீதம் மொத்த வரம்பே 8 ஜிபிதான்.