நுவாங் மலைக்குப் பணம் கட்டும் முன் எந்த வழி என்று எழுத்தில் கேளுங்கள்

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை மலேசியாவின் நுவாங் மலைக்குப் போய், உச்சியைத் தொடாமலே உச்சியில் நின்றதாகச் சொல்லும் படத்தோடு திரும்பி வந்தோம். கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து நான்கு பேர்: நான், என் தங்கை மகன், அவனோடு வேலை செய்யும் இரண்டு பெண்கள். தலைக்கு 130 வெள்ளி (ரிங்கிட்). தங்கை மகன் சபாவின் கினபாலு மலை ஏறப் போகிறான், அதற்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்றுதான் போனோம்.

சிலாங்கூர், பகாங் மாநிலங்களின் எல்லையில் 1,493 மீட்டர் உயரத்தில் நிற்கிறது நுவாங். கயிறும் கருவியும் தேவையில்லை, நடந்தே ஏறலாம். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து ஏறுகிறோம் என்பதுதான் அந்த நாள் எப்படி அமையும் என்பதைத் தீர்மானிக்கிறது. காராக் நெடுஞ்சாலை வழியே பகாங்கின் ஜண்டா பாய்க் போய் ஏறினால் தூரம் குறைவு, ஏற்றம் கடுமை. சிலாங்கூரின் உலு லங்காட்டில் உள்ள பாங்சூனிலிருந்து ஏறினால், காட்டுக்குள் நுழையும் முன்பே ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் பழைய மரம்வெட்டுச் சாலை கால்களைத் தின்றுவிடும். அதன் பிறகு லோலோ முகாம், பச்சாட் முகாம் (மலாயில் பச்சாட் என்றால் இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி, பெயர் பொய்யில்லை), பிறகு பெங்காசே என்ற சிகரம். அங்கே நிற்பவர்களுக்கு ஏறி முடித்துவிட்டதாகவே தோன்றும். உண்மையான உச்சிக்கு அங்கிருந்து இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

ஏற்பாட்டாளர் எங்களிடம் பணம் வாங்கியது ஜண்டா பாய்க் வழிக்கு. முதல் நாள் இரவு பத்து மணிக்குத்தான் செய்தி வந்தது: "அக்கா, பாங்சூன் பக்கம் மாற்றிவிட்டோம். உச்சி ஒன்றுதானே." அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். காடு அந்தந்த மாநில வனத்துறையின் பொறுப்பு. பகாங்கில் வாங்கிய அனுமதி சிலாங்கூர்ப் பக்கம் செல்லாது. மறுநாள் காலையில் அனுமதிச் சீட்டைக் கேட்டேன். "எல்லாம் கொடுத்தாகிவிட்டது" என்றார். மலை வழிகாட்டிக்கான உரிம அட்டையைக் கேட்டதற்குப் பதிலே இல்லை.

ஐந்து மணிக்கு வர வேண்டிய வேன் ஏழேகாலுக்கு வந்தது. நடக்கத் தொடங்கும்போது மணி எட்டு நாற்பது. பாங்சூன் வழியில் ஏறி இறங்கவே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், தெரிந்தவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். நாங்கள் பெங்காசேயை அடைந்தபோது பிற்பகல் மூன்று. அங்கே அவர் பதாகையை விரித்து, "உச்சிக்கு வந்துவிட்டோம், எல்லோரும் வாருங்கள்" என்று படம் எடுத்தார். தங்கை மகன் கைப்பேசி வரைபடத்தைக் காட்டி, "அண்ணா, பாதை இன்னும் போகிறதே?" என்றான். "அங்கே ஒன்றும் இல்லை தம்பி, வெறும் பனிமூட்டம்."

நேரமாகிவிட்டது, திரும்புவோம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் நன்றி சொல்லியிருப்பேன். மலையில் திரும்பி வருவதில் இழுக்கே இல்லை. பொய்யான உச்சியை விற்றதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. லோலோ அருகே ஆற்று நீர் தொடை வரை வந்தது. வழிகாட்டியாக வந்த அந்த ஏற்பாட்டாளர் வேகமாக நடப்பவர்களோடு முன்னே போய்விட்டார். அந்தப் பெண்களில் ஒருத்திக்கு முழங்கால் பிசகிவிட்டது, கைவிளக்கும் அணைந்துவிட்டது. அவளைத் தாங்கிக்கொண்டு அந்த நீண்ட சாலையை இருட்டில் கடந்து வாசலுக்கு வந்தபோது இரவு ஒன்பதரை. வேனில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "மலைக்குக் கூட்டிப்போனேனே" என்று சொன்னவர், அதன் பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார். எங்கள் முகங்களோடு அந்தப் படம் இன்னும் அவருடைய விளம்பரத்தில் ஓடுகிறது.

எங்கிருந்து ஏறுகிறோம், எத்தனை மணிக்கு, எந்த மாநில அனுமதி, எத்தனை மணியானால் திரும்புவோம் என்பதையெல்லாம் பணம் அனுப்பும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வழி மாறினால் பணம் திரும்ப வருமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உரிம அட்டையைக் கண்ணால் பாருங்கள். கடைசியாக நடக்க ஒருவர் இருக்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள்; அன்று எங்களுக்குப் பின்னால் யாருமே இல்லை.

அடுத்த மாதம் மறுபடி பாங்சூன் வழியாகவே போகிறோம், வேறொரு வழிகாட்டியோடு. கட்டணம் எவ்வளவு என்று நான் கேட்கும் முன்பே அவர் சொன்னது: "பன்னிரண்டு மணிக்குள் பெங்காசே வராவிட்டால் திரும்பிவிடுவோம் அக்கா, சம்மதமா?"