ஹேண்டிகேப் 24 என்று சொல்லி வருபவரோடு பணம் கட்டி ஆடும் முன்

கீழக்கரை, ராமநாதபுரம், மண்டபம் பக்கம் கோல்ஃப் ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலும் துபாய், அபுதாபி, தோஹா என்று பிழைக்கப் போன இடத்தில் பழகியவர்கள். எங்கள் கரையில் 18 குழி மைதானம் கிடையாது. தென்னந்தோப்பில் வலை கட்டி அடிப்போம். பங்கரில் (மைதானத்தில் உள்ள மணல் பள்ளத்தில்) அடிக்கும் பழக்கத்துக்குக் கடற்கரை மணல் இருக்கிறது. மற்றபடி விடுமுறையில் ஊருக்கு வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, விடியுமுன் வேன் எடுத்து, மதுரை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறினால்தான் புல்லில் கால் வைக்க முடியும். அப்படிப் போகும்போது தலைக்கு 5,000 ரூபாய் போட்டு ஒரு போட்டி வைப்போம். முதல் பரிசு 40,000 ரூபாய்.

இந்த முறை அந்தப் பரிசை ஒருவர் எங்களை ஏமாற்றிக் கொண்டுபோய்விட்டார். அவர் பெயரைப் போடவில்லை. எப்படிச் செய்தார் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன். மதுரை, காரைக்குடி பக்கமுள்ள சில குழுக்களிலும் அவர் இடம் கேட்டிருப்பதாகத் தெரிகிறது. நாங்கள் ஆடிய மைதானத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஹேண்டிகேப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கோல்ஃபில் நன்றாக ஆடுகிறவரும் சுமாராக ஆடுகிறவரும் ஒரே போட்டியில் சமமாக மோதலாம். ஒவ்வொருவரின் திறமைக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணை வைத்து, அவர் அடித்த மொத்த அடிகளில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். கழித்தபின் யாருக்குக் குறைவோ அவருக்கு வெற்றி. 2020 ஜனவரியிலிருந்து இதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு முறை இருக்கிறது. அதற்கு முன் ஆறு விதமான முறைகள் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது உங்கள் கடைசி 20 ஆட்டங்களை எடுத்து, அவற்றில் சிறந்த எட்டின் சராசரியைப் போடுவார்கள். நல்ல ஆட்டம், மோசமான ஆட்டம் இரண்டையும் ஆடிய அன்றே ஆட்டப் பதிவில் ஏற்ற வேண்டும் என்பது விதி.

சிறந்த எட்டின் சராசரி என்பதால், நேர்மையாக ஏற்றுகிறவர் தன் ஹேண்டிகேப் அளவுக்கு ஆடுவதே நாலைந்து ஆட்டத்துக்கு ஒரு தடவைதான். அதைவிட ஏழெட்டு அடி குறைத்து ஆடினார் என்றால் அது வாழ்நாளில் நினைத்துப் பார்க்கும் நாள்.

நல்ல ஆட்டங்களை ஏற்றாமல் மறைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மைதானத்தின் பார் (குழிகளை முடிக்க நிர்ணயித்த அடிகள்) 71, ரேட்டிங் (கைதேர்ந்தவர் அங்கே அடிக்கக்கூடிய அடிகள்) 71, ஸ்லோப் (மற்றவர்களுக்கு அந்த மைதானம் எவ்வளவு கடினம் என்ற எண்) 120 என்று வையுங்கள். 84 அடிக்கும் ஆட்டத்துக்கு மதிப்பு 84-இலிருந்து 71-ஐக் கழித்து, பொது ஸ்லோப்பான 113-ஆல் பெருக்கி, 120-ஆல் வகுத்தால் 12.2. 96 அடித்தால் 23.5. 84 அளவில் ஆடத் தெரிந்தவர் 96-க்கு மேல் அடித்த ஸ்கோர் அட்டைகளை மட்டும் ஏற்றிக்கொண்டே வந்தால், 12, 13 இருக்க வேண்டிய எண் 24-இல் நிற்கும். பதினோரு, பன்னிரண்டு அடி சும்மா கிடைக்கும். நம் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் சின்ன மாடுகளுக்கான பூஞ்சிட்டுப் பிரிவில் அதைவிடப் பெரிய நடுமாட்டைப் பூட்டிக்கொண்டு வந்தால் விழாக் கமிட்டி விடுமா? அதே வேலைதான் இது. மாட்டின் உயரம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். மறைத்த அட்டை யாருக்கும் தெரியாது.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இந்தத் திருட்டு போட்டி நாளில் நடப்பதில்லை. அன்றைக்கு அவர் பந்தை நகர்த்துவதில்லை, அடியை மறைப்பதில்லை, எல்லாம் சுத்தமாக இருக்கும். பல மாதங்களுக்கு முன்பே, வேறு ஊரில், கைபேசியில் வேலை முடிந்திருக்கும். அதனால் ஆட்டத்தன்று அவரை எவ்வளவு உற்றுக் கவனித்தாலும் பிடிக்க முடியாது.

சரி, நடந்ததுக்கு வருகிறேன்.

அவர் எனக்குத் தூரத்துச் சொந்தம், மச்சினன் முறை. வளைகுடாவில் நல்ல வேலை. ஊருக்கு வந்த உடனே, "மச்சான், நானும் வர்றேன். என் ஹேண்டிகேப் 24, உங்க கூட்டத்துல கடைசி ஆளு நான்தான்" என்று பணத்தைக் கட்டினார். செயலியில் எண்ணையும் காட்டினார். 24.0 என்று இருந்தது.

அவரோடு ஒரே குழுவில் ஆடியவன் தங்கச்சிமடத்துப் பையன். கடல் தொழில் செய்யும் குடும்பம். இவன் மட்டும் வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்பு வேலைக்குப் போனான். விடியற்காலையில் கிரீன் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரை) வெட்டுவான். ஊழியர்களுக்கு விடும் சாயங்கால நேரத்தில், இரவல் மட்டைகளை வைத்து ஆடிக் கற்றுக்கொண்டான். இவன் ஏற்றிய ஆட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். 82-உம் இருக்கும், 103-உம் இருக்கும். காய்ச்சலோடு ஆடிய நாளும் இருக்கும். ஹேண்டிகேப் 15.1. "பாய், போடாம விட்டா நான் எங்க நிக்கிறேன்னு எனக்கே தெரியாதே" என்பான். பரிசு கிடைத்தால் சொந்தமாக ஒரு ஐயன் செட் (இரும்பு மட்டைகள்) வாங்க வேண்டும் என்று வேனில் போகும்போது சொல்லிக்கொண்டு வந்தான்.

அன்று மலையில் பனி விலகவே நேரமாகிவிட்டது. ஓரத்தில் காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருந்ததால் ஒரு குழியில் காத்திருந்து அடித்தோம். பையன் உயிரைக் கொடுத்து ஆடினான். 83. அவனுக்குக் கழிவு 16 (மைதானத்தின் ஸ்லோப்புக்கு ஏற்ப 15.1 இப்படி மாறும்), கழித்தபின் நிகரம் 67. பாருக்கு நான்கு கீழே. இந்தக் குழுவில் அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை.

மச்சான் முறைக்காரர் 88. கழிவு 25, நிகரம் 63.

நான் அதே குழுவில்தான் இருந்தேன். ஒரு குழியில் அவர் பந்து கிரீனுக்குப் பின்னால், சரிவில், நீளமான புல்லில் புதைந்து கிடந்தது. கிரீன் அங்கிருந்து கீழ்நோக்கி ஓடுகிறது. 24 ஹேண்டிகேப்காரர் அங்கே பந்தை வெளியே எடுத்தாலே பெரிய விஷயம். இவர் மட்டையின் முகத்தை அகலத் திறந்து, மணிக்கட்டைத் தளர்த்தி, பந்து மெத்தென்று எழும்பி விழும்படி ஓர் அடி அடித்தார். குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அதிர்ஷ்டத்தில் வரும் அடி இல்லை அது. ஆயிரம் தடவை பழகிய கை. அதே கை, ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தபின் கடைசி மூன்று குழிகளில் மூன்றடி தூரத்திலிருந்து உருட்டும் பந்தைக்கூடக் குழிக்கு வெளியே தள்ளியது. நிகரம் 63-ஐவிடக் கீழே போனால் சந்தேகம் வரும் என்று அவருக்குத் தெரியும்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றி அவருக்குக் கை கொடுத்தான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அவருடைய ஆட்டப் பதிவைத் திறந்து பார்த்தேன். கூட ஆடுகிறவர்கள் ஒருவர் பதிவை ஒருவர் பார்க்கலாம் என்பது இந்த முறையிலேயே உள்ள ஏற்பாடு. நாம்தான் அதைப் பயன்படுத்துவதில்லை. தேதி, மைதானம், அடித்த அடிகள், அந்த ஆட்டத்தின் மதிப்பு எல்லாம் வரிசையாக இருக்கும். அவருடைய 20 ஆட்டங்களும் 96-க்கும் 104-க்கும் நடுவில். ஒன்றுகூட அதற்குக் கீழே இல்லை. மனுசன் ஆடுகிற ஆட்டம் அப்படி இருக்காது. பையனுடைய பதிவில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று மேலே சொன்னேனே, அதுதான் நிஜமான பதிவின் அடையாளம்.

அப்புறம் அவரோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் எடுத்து வைத்திருந்த படங்களை அனுப்பினார். மச்சான் முறைக்காரரே பெருமையாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட ஸ்கோர் அட்டைகள். 82, 84, இன்னொரு 82. மைதானமும் தேதியும் தெளிவாகத் தெரிகின்றன. பதிவில் அந்தத் தேதிகளே இல்லை.

இதைவிட மோசம் ஒன்று இருந்தது. வளைகுடாவில் ஒரு மைதானத்தில் 104 அடித்ததாக ஒரு தேதியில் ஏற்றியிருந்தார். அந்தத் தேதி ஏர்வாடி சந்தனக்கூடு. அன்று இரவெல்லாம் அவர் எங்களோடு தர்காவில்தான் இருந்தார். என் கைபேசியில் படம் இருக்கிறது. ஆடாத ஆட்டத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து ஏற்றியிருக்கிறார். சில சங்கங்களில் உடன் ஆடியவர் ஒப்புதல் கொடுத்தால்தான் ஸ்கோர் ஏறும். அங்கேயும் தலையாட்ட ஒரு சேக்காளி இருந்தால் போதும்.

"செயலியே இதையெல்லாம் பிடிக்காதா?" என்று என்னிடம் பலர் கேட்டார்கள். கொஞ்சம் பிடிக்கும். ஒரு குழியில் வேண்டுமென்றே பத்துப் பன்னிரண்டு அடித்து எண்ணை ஏற்ற முடியாது. அந்தக் குழியின் பாரோடு இரண்டும், அந்தக் குழிக்கு அவருக்குரிய கழிவும் சேர்ந்த அளவுக்கு மேல் கணக்கில் வராது. கடந்த ஓராண்டில் இருந்த குறைந்த ஹேண்டிகேப்பிலிருந்து 3 அடிக்கு மேல் போனால் ஏற்றம் பாதியாகக் குறையும், 5-க்கு மேல் போகவே விடாது. ஆனால் இவர் ஆரம்பத்திலிருந்தே நல்ல அட்டையை ஏற்றியதில்லை. முதல் ஹேண்டிகேப் வாங்க 54 குழி ஆடிய ஸ்கோர் போதும், அதிலேயே மோசமானவற்றைக் கொடுத்துத்தான் தொடங்கியிருக்கிறார். கீழே இறங்கியே பார்க்காத எண்ணை அந்தப் பூட்டு ஒன்றும் செய்யாது. திடீரென்று மிக நன்றாக ஆடினால் எண்ணைக் குறைக்கும் விதியும் உண்டு. தன் எண்ணைவிட 7 அடி குறைவான மதிப்பு வந்தால் ஒன்று குறைப்பார்கள், 10 அடி என்றால் இரண்டு. அதற்கு அந்த ஆட்டத்தை ஏற்ற வேண்டுமே! எங்களிடம் பணம் வாங்கிய அந்த 88-ஐ அவர் இன்று வரை ஏற்றவில்லை.

கீழக்கரைக் கடற்கரையில் வைத்து நேரில் கேட்டேன். "மறந்துட்டேன் மச்சான். வேலைப் பளு."

"நல்லா ஆடுன அன்னிக்கு மட்டும் மறதி வருமா?"

"விளையாட்டுதானே, இதைப் போய்ப் பெருசா எடுத்துக்கிறீங்க. சொந்தக்காரங்களுக்குள்ள."

சந்தனக்கூடு அன்று எடுத்த படத்தையும் அந்த 104-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். பணம் வரவில்லை. குடும்பப் பெரியவர்கள் மூலம் கேட்டும் வரவில்லை.

சொந்தக்காரர் என்பதற்காக இதை மூடி வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பையனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே. வருடம் முழுவதும் மோசமான ஸ்கோரைக்கூட மறைக்காமல் ஏற்றி, தன் எண்ணை நேராக வைத்திருந்ததற்கு அவனுக்குக் கிடைத்தது இரண்டாம் இடம். அவனைப் போன்றவர்கள் "எல்லாரும் இப்படித்தான் போல, நாமும் நாலு அட்டையை விட்டுவிடலாம்" என்று நினைக்க ஆரம்பித்தால் இந்தப் போட்டியையே வைக்க வேண்டியதில்லை.

அவர் உறுப்பினராக இருக்கும் சங்கத்தின் ஹேண்டிகேப் கமிட்டிக்குப் படங்கள், தேதிகள் எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன். எண்ணைத் திருத்தவும், ஏற்றாத ஆட்டத்துக்குத் தண்டனை ஸ்கோர் போடவும், ஹேண்டிகேப்பையே நிறுத்தி வைக்கவும் கமிட்டிக்கு அதிகாரம் உண்டு. விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் குழுவில் யாராவது புதிதாகச் சேர்ந்து பணம் கட்ட வந்தால் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். கடைசி 20 ஆட்டங்களையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் கேள்வி கேளுங்கள். ஒரு வருடத்தில் எத்தனை ஆடினார், எத்தனை ஏற்றினார் என்று அவரோடு வழக்கமாக ஆடும் ஒருவரிடம் விசாரியுங்கள். 20 ஆட்டங்கள் சேராதவருக்குப் பரிசுப் பணம் இல்லை, ஆடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போட்டி முடிந்ததும் மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன் எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒருவர் முன்னால் ஒருவர் ஸ்கோரை ஏற்றுங்கள். ஏற்றிய பிறகுதான் பரிசு.

எங்கள் குழுவில் அடுத்த முறையிலிருந்து இதுதான் நடைமுறை. பதிவைக் காட்டத் தயங்குகிறவரிடம் சண்டை எதுவும் வேண்டாம். கட்டிய 5,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, வேனில் அவர் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.