வேட்டியா, வாளியா? வீட்டு வளவில் விட்டில் பதிய எது நல்லது

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவில் விட்டில்களை, அதாவது இரவில் விளக்குக்கு வரும் அந்துப்பூச்சிகளை, எண்ணிப் பதியத் தொடங்கியபோது, எந்த விளக்கு அதிகம் இழுக்கும் என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. இரண்டு மாரி கழிந்தபின் கேள்வி மாறிவிட்டது. விடியும்போது எதில் மிச்சம் இருக்கும்? ஐந்தே முக்காலுக்கு நான் எழும்பாவிட்டால் அன்றைய கணக்கில் பாதி புலுனிக் குருவிகளின் வயிற்றுக்குள் போய்விடும்.

எல்லோரும் துணியில்தான் தொடங்குகிறார்கள். கொடிக்கயிற்றில் ஒரு வெள்ளை வேட்டி, முன்னால் ஒரு விளக்கு, பக்கத்தில் ஒரு கதிரை. செலவு விளக்குக்கு மட்டும்தான். சலவைத்தூளில் துவைத்த வேட்டி என்றால் இன்னும் நல்லது. அந்தத் தூளில் இருக்கிற வெண்மையூட்டி புறஊதா ஒளி பட்டதும் நீலமாக மினுங்கும், துணி முழுவதுமே விளக்கு மாதிரி ஆகிவிடும்.

துணி தருவதை வேறு எந்தப் பொறியும் தராது. போன தை மாதம் பாகல் பந்தலுக்குப் பக்கத்தில் வேட்டியைக் கட்டியிருந்தேன். ஒன்பது மணி போல ஒன்று வந்து உட்கார்ந்தது. இறக்கையின் நடுப்பகுதி ஒளி ஊடுருவும் வெள்ளை, ஓரமெல்லாம் கரும்பழுப்புப் பட்டை. வால் நுனியில் ஒரு மயிர்க்குஞ்சம். அதைப் பூப்போல விரித்து இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருந்தது. டயஃபேனியா இண்டிகா. பாகல், பீர்க்கு, வெள்ளரி இலைகளைச் சுருட்டி உள்ளேயிருந்து தின்னும் பச்சைப் புழு வளர்ந்து ஆவது இதுதான். அம்மா அதே பந்தலில் வருடக்கணக்காக நசுக்கிவந்த புழு. அந்த வாலாட்டத்தை வாளிக்குள் பார்க்க முடியாது.

ஆனால் துணிக்கு ஆள் வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் வரைதான் அது பொறி. படுக்கப் போனீர்களோ, பல்லிகள் வந்துவிடும். விடியப் பார்த்தால் நிலத்தில் இறக்கைகள் மட்டும் கிடக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேட்டி பாய்மரமாகிவிடும், கீழ் ஓரத்தில் செங்கல் வைத்தாலும் அடங்காது. இன்னொரு சிக்கல், இன்று ஒரு மணி நேரம் இருப்பீர்கள், அடுத்த வாரம் மூன்று மணி நேரம். இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அக்கம்பக்கத்து விசாரணையும் உண்டு. கடலுக்குப் போகிற பக்கத்து வீட்டு ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, நாங்கள் வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிச்சாத் தடை எண்டு சொல்லுறாங்கள், நீங்கள் வளவுக்குள்ளேயே தொடங்கிட்டீங்களா?” என்று கேட்டார்.

வாளிப் பொறி இதற்கு நேர் எதிர். இங்கிலாந்தில் ஜோன் ஹீத் 1960களில் பெட்டி வடிவில் செய்த கையடக்கப் பொறியின் வழியில் வந்தது. என்னுடையது 20 லீற்றர் பெயின்ட் வாளி. வாயில் ஒரு பெரிய புனல், புனலுக்கு மேலே நட்டுக்குத்தாக ஒரு புறஊதா டியூப், அதைச் சுற்றி மூன்று பிளாஸ்டிக் தகடுகள், உள்ளே முட்டை மட்டைகள். பூச்சிகள் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டியே பறக்கப் பார்க்கின்றன என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு அதிவேகக் கமராவில் எடுத்துக் காட்டியது. வானம் மேலே இருக்கும்வரை அந்தப் பழக்கம் சரி. பக்கத்தில் ஒரு விளக்கு வந்ததும் அது அவற்றைச் சுற்றவும் கவிழவும் வைக்கிறது. அப்படிச் சுற்றுகிறவை தகட்டில் மோதிப் புனலுக்குள் விழுகின்றன. உள்ளே போனதும் முட்டை மட்டையின் குழிகளில் ஒடுங்கி, விடியும்வரை பெரும்பாலும் அசையாமல் இருந்துவிடும்.

டியூப் தேடி அலைய வேண்டாம். ஹோட்டல் சமையலறைகளில் ஈ கொல்ல மாட்டும் மெஷினுக்கு விற்கும் மாற்று டியூப் அதே வேலையைச் செய்யும். அதன் புறஊதா ஒளியின் அலைநீளம் 365 நானோமீற்றரை ஒட்டியது. 8 வாட் டியூப் இரவுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால், ஒரு அலகு மின்சாரம் கிட்டத்தட்ட 15 இரவுக்குக் காணும்.

இங்கே வாளியின் எதிரி எறும்புதான். முதல் மாதம் ஒரு காலையில் மட்டையைத் தூக்கினால் சிவப்பாக ஊர்கிறது, விட்டில் எல்லாம் துண்டு துண்டாக. அப்புறம் அம்மம்மாவின் சாப்பாட்டு அலுமாரி ஞாபகம் வந்தது. நான்கு காலுக்கும் நான்கு தண்ணீர்க் கிண்ணம். இப்போது வாளி ஒரு முக்காலியில் நிற்கிறது, கால்கள் தண்ணீர் ஊற்றிய பால்மாப் பேணிகளில். காலையில் தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் விட்டிலோடு டெங்கு நுளம்பையும் வளர்ப்பீர்கள். வாளியின் அடியில் துளை போட்டு வலை ஒட்டுவதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் துளையில்லாத வாளி வெறும் கிணறு. முதல் மழைக்கு மறுநாள் ஈசல் குவிந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, அன்று விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள்.

வாளி பெரிய விட்டில்களுக்கு நல்லதல்ல. அலரியில் புழுவாக இருக்கும் அந்தப் பச்சைப் பருந்து விட்டில் உள்ளே விழுந்தால் சும்மா இருக்காது. விடிவதற்குள் தன் செதிலையும் உதிர்த்து மற்றவற்றையும் கலைத்துவிடும்.

பாதரச விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ரொபின்சன் என்ற பெரிய விட்டில் பொறியில் மாட்டும் 125 வாட் பல்ப் கூட்டத்தை இழுக்கும், உண்மைதான். எட்டு மணி நேரத்துக்கு முழுதாக ஒரு அலகு, தனியாக சோக், சூடான கண்ணாடியில் மழைத்துளி பட்டால் வெடிப்பு. மின்சாரம் ஒரு நிமிடம் போய் வந்தால்கூட பல்ப் ஆறும்வரை திரும்பப் பற்றாது. பொது வெளிச்சத்துக்கான இந்த வகை விளக்குகளை பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா ஒப்பந்தம் 2020உடன் நிறுத்தச் சொல்லிவிட்டதால் பல்ப் கிடைப்பதும் குறைந்துகொண்டே போகும். வீடுகள் நெருங்கிய ஒழுங்கையில் இது சண்டைக்குத்தான் வழி.

எல்ஈடி வேறு கதை. பவர் பாங்கில் எரியும், பாரமில்லை, மின்வெட்டுக்குப் பயமில்லை. நான் ஏமாந்ததும் இதில்தான். 365 என்று போட்டிருந்த மலிவான பட்டி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். போட்டதும் வளவே கல்யாண வீடு மாதிரி ஊதாவாக ஜொலித்தது. விட்டில் வந்தது விரல்விட்டு எண்ணத்தான். உண்மையான 365 நம் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும், வெள்ளைச் சேட்டைப் பிடித்தால் சேட்டுத்தான் பளிச்சிடும். கண்ணுக்கே பளீரென்று ஊதா அடித்தால் அது 395 பக்கம். நல்லதோ மலிவோ, நேரே உற்றுப் பார்க்காதீர்கள்.

என் தேர்வு இது. வாரம் ஒரு இரவு 8 வாட் வாளி, வருடம் முழுக்க அதே டியூப், அதே இடம். நிலவு, காற்று, மழை மூன்றையும் கொப்பியில் எழுதுவேன். முழு நிலவில் வரவு சுருங்கும் என்பதால் அதை எழுதாத எண்ணிக்கைக்கு அர்த்தம் இல்லை. அமாவாசையை ஒட்டி இரண்டு மணி நேரம் மட்டும் வேட்டி, அது கணக்குக்கு இல்லை, கண்ணுக்கு. தொடர் மின்வெட்டு உள்ள இடத்தில் இருக்கிறவர்கள் டியூப்புக்குப் பதில் நல்ல எல்ஈடியை அதே வாளியில் மாட்டலாம். ஆனால் வருட நடுவில் மாற்றாதீர்கள்.

காலையில் வாளியைத் திறக்குமுன் சுவரையும் முக்காலிக் காலையும் பாருங்கள், உள்ளே போகாதவை அங்கே ஒட்டியிருக்கும். ஒவ்வொரு மட்டையாகத் தூக்கிப் படம் எடுத்து, நிழலான செடிக்குள் தட்டிவிட வேண்டும். புலுனிகள் இதைப் படித்துவிட்டன, வாளி வைக்காத நாளிலும் வந்து பார்த்துவிட்டுப் போகின்றன. விளக்கின் இடத்தை மாற்றினால் கணக்குக் கெடும் என்பதால் விடுகிற இடத்தைத்தான் மாற்றுகிறேன்: ஒரு வாரம் கிணற்றடிக் குரோட்டன், அடுத்த வாரம் பின்வேலிப் பூவரசு.