22,000 ரூபாய் போச்சு: டேட்டா ரீஸ்டோர் பண்ணித் தர்றேன் என்பவர்களிடம் உஷார்

சேலம் செவ்வாய்பேட்டையில் எங்களுக்குக் கொலுசு மொத்த வியாபாரம். போன வெள்ளிக்கிழமை பில் போடும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பேக்கப் பென் டிரைவில் இருந்தது, 6 ஜிபி மைஎஸ்க்யூஎல் (கணக்கைச் சேமிக்கும் டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்) ஃபைல். அதைத் திரும்ப ஏற்றுவதுதான் ரீஸ்டோர். எந்தப் பட்டறைக்கு எவ்வளவு வெள்ளி போனது, எவ்வளவு கொலுசாகத் திரும்பியது, கூலி பாக்கி, எல்லாம் அதற்குள்தான்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் கடை. பெயர் வேண்டாம். உட்கார வைத்து டீ வரவழைத்து, "புது எஸ்எஸ்டி போட்டா நைட்டே ஏறிடும்ங்ணா, காலைல பில் போடலாம்" என்றார். எஸ்எஸ்டி என்றால் உள்ளே சுழலும் தட்டே இல்லாத, வேகமான டிஸ்க். அந்த டீயில்தான் விழுந்தேன். 22,000 ரூபாயை அங்கேயே போனில் அனுப்பினேன். பில்கூடக் கேட்கவில்லை.

சனிக்கிழமை: "ஓடிட்டே இருக்குங்ணா." ஞாயிறு போன் எடுக்கவில்லை. திங்கள்: "உங்க ஃபைலே பெருசு, நாங்க என்ன பண்றது?" செவ்வாய் நேரில் போனால் கடைப் பையன் மட்டும். "ஓனர் ஏற்காடு போயிருக்காரு." இங்கே என் கணக்கு அந்தரத்தில் தொங்குகிறது, அவருக்கு ஏற்காடு குளிர் கேட்கிறது!

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அக்கா மகன் காதை வைத்துக் கேட்டான். "மாமா, எஸ்எஸ்டி சத்தமே போடாது. இது கரகரங்குது." திறந்தால், ஸ்டிக்கர் பாதி உரிந்த பழைய ஹார்ட் டிஸ்க். 22,000 ரூபாய்க்கு!

ஃபைலில் ஒவ்வொரு வரியும் தனித்தனி இன்சர்ட், அதாவது ஒரு வரியை டேபிளில் சேர்க்கும் கட்டளை. ஆட்டோகமிட்டை அந்த ஆள் நிறுத்தவே இல்லை. அது ஓடினால் ஒவ்வொரு வரியையும் டிஸ்க்கில் பதித்து முடித்த பிறகுதான் அடுத்த வரிக்கு நகரும். அந்தக் கிழட்டு டிஸ்க்கில் நாலு நாள் ஓடாமல் என்ன செய்யும்? அக்கா மகன் தன் லேப்டாப்பில் ஆட்டோகமிட்டையும் ஃபாரின் கீ செக்கையும் (டேபிள்களுக்கு இடையிலான தொடர்பைச் சரிபார்ப்பது) நிறுத்தி, டேபிளுக்கு ஒரு கமிட் (மொத்தமாகப் பதிப்பது) என்று வைத்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் தட்டிவிட்டது, படுப்பதற்குள் முடிந்தது.

ரீஸ்டோரை வேகப்படுத்த விவரமாக எழுதுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது பொறுமை இல்லை. ஆட்டோகமிட்டை நிறுத்தியாச்சா என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸ் (மைஎஸ்க்யூஎல் மாதிரி இன்னொரு டேட்டாபேஸ்) வைத்திருப்பவர்கள் பேக்கப்பை அதன் கஸ்டம் ஃபார்மட்டில் எடுங்கள், ஒரே நேரத்தில் பல டேபிளை ஏற்றலாம். சாதா எஸ்க்யூஎல் ஃபைலில் அது நடக்காது. பென் டிரைவுக்குக் காப்பி எடுக்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பில் வாங்குங்கள்.

இன்று காலை அந்தக் கடைக்காரர் போன் எடுத்தார். "அது சர்வீஸ் சார்ஜுங்ணா, திரும்பத் தர முடியாது." ஹார்ட் டிஸ்க் என் மேசை மேல்தான் இருக்கிறது. நாளைக்கு அவர் கடை ஷட்டர் தூக்கும்போது அதோடு போய் நிற்பேன்.